தீவகத்துப் பனையும் வறியோர்க்குத் தொழிலும்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் நெற் கமக்காரர்க்கும் தோட்டக்காரர்க்கும் உரியது

தீவகத்தின் நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் தீவுகளில் ஆறு ஒன்றுமில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் கொணரும் மழையே நெல்லுக்கும் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் ஆதாரமாகும். ஆகையால் தீவகத்தில் நெல் ஆண்டுக்கு ஒரு போகமே விளைகிறது. மழை பிழைத்தால் அவ்வொரு போகமும் பிழைக்கும். அறுவடை முடிந்த பின்பு, தை மாதக் கடைசி தொடங்கி அடுத்த விதைப்பு வரையும், நிலமில்லாத கூலிக்குடிகளுக்கு வயலில் வேலையில்லை.

இத்தீவுகளின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புக்களிலும் துளைகளிலும் இறங்கும் மழைநீர், பாரங் கூடிய கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியல் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் கமக்காரர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மிதமிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழே உவர்நீர் பலமடங்கு மேலேறுதற்கு இடமுண்டாகின்றது. ஒருமுறை உவரான கிணறு பல மாரிகள் கழிந்தும் முன்னைய நிலைக்கு வாராமற்போகலாம்.

நீரைக் கெடுப்பது உவர் ஒன்று மட்டுமன்று. தோட்டத்துக்கு அளவின்றி இடும் யூரியா முதலிய பசளைகளின் மிகுதி, இலேசான மண்ணூடாக நைத்திரேற்று என்னும் உப்பாகக் கரைந்து கிணற்றைச் சேர்கின்றது. குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை குறித்துள்ளது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே, செறிவாகத் தோட்டஞ் செய்யும் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்திருத்தல் பல ஆய்வுகளிற் கண்டறியப்பட்டதாகும். இந்நீரைப் பாலிற் கலந்து பச்சிளங் குழந்தைக்கு ஊட்டினால், குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாயக்கூடும். கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

எனவே, தீவகத்திலே புதிய தொழில் ஒன்றை உண்டாக்க நினைப்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இத்தொழில் கிணற்றை என்ன செய்யும் என்பதாகும். நீரை மிகுதியாக உறிஞ்சும் தொழிலும் கழிவை நிலத்தில் இறக்கும் தொழிலும் இங்கே நிலைக்கமாட்டா. நீர் கேளாமலும் பசளை கேளாமலும் தலைமுறை தலைமுறையாக நிற்கும் மரம் ஒன்று நம்மிடமுண்டு. அம்மரத்தைக் கொண்டும், அதன் கழிவைக் கொண்டும், வேலையற்ற வறிய குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் கிடைக்கும் வழியையும், அதிற் கமக்காரருக்குள்ள பங்கையும் இப்பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

தொழில் வேண்டி நிற்போர்

1990ஆம் ஆண்டுக்குப் பின்பு தீவகத்துக் குடிகளிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். வீடுகள் இடிந்தன, வயல்கள் பற்றையாயின, கிணறுகள் தூர்ந்தன. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் மீண்டு வந்த குடும்பங்களிலே, கணவனை இழந்த பெண் தானே தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவாகும். இவர்களைத் தவிர, சொந்த நிலமில்லாதோர், அங்கம் இழந்தோர், மரமேறுந் தொழிலைப் பரம்பரையாகச் செய்தும் மதிப்பும் சேமிப்பும் பெறாதோர் ஆகியோரும் உளர். இவர்களுள் அநேகருக்கு ஊரைவிட்டுத் தொலைவிற் சென்று வேலைசெய்தல் இயலாது. நெடுந்தீவில் உள்ளவர் குறிகட்டுவானுக்கு வருவதற்கே படகையும் கடலின் நிலையையும் பார்த்திருத்தல் வேண்டும். ஆகையால் வீட்டருகே செய்யத்தக்கதும், சிறு முதலுடன் தொடங்கத்தக்கதும், குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொண்டே நடத்தத்தக்கதுமான தொழிலே இவர்களுக்கு வேண்டியது.

பனைத்தொழில் இம்மூன்று இலக்கணமும் பொருந்தியது. இது நம் நாட்டிலே ஒழுங்குபெறத் தொடங்கியதும் அண்மையிலன்று. 1970களின் தொடக்கத்திலே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, மரமேறுவோரைச் சங்கத்தவராக்கின. 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவகம் இயங்குகின்றது. பின்னர் வந்த போரிலே, காவலரண் அமைப்பதற்கென்றும் எறிகணையாலும் பெருந்தொகைப் பனைகள் அழிந்தன. எஞ்சியவற்றைக் காப்பதும், அவற்றாற் பயன்கொள்வதும் ஒரே காரியத்தின் இரு பக்கங்களாகும். பயன் தராத மரத்தை வெட்டி விற்கவே மனம் நாடும். ஆண்டுதோறும் குத்தகை தரும் மரத்தை எவரும் வெட்டத் துணியார்.

ஓராண்டின் தொழில் அட்டவணை

பனை ஒரு பருவத்திலே ஒரு பொருளைத் தந்து ஓய்வதன்று. கீழ்வரும் அட்டவணை பொதுவானது. மழைக்கும் இடத்துக்கும் ஏற்பச் சில வாரம் முன்பின்னாகும்.

தை, மாசி: கிழங்குப் பாத்தி கிண்டுதல்; ஒடியல், புழுக்கொடியல் காயவிடுதல்; பாளை தட்டத் தொடங்குதல்.

பங்குனி முதல் ஆனி வரை: கருப்பநீர் இறக்குதல், பனங்கட்டி, கல்லாக்காரம் காய்ச்சுதல், நுங்கு விற்றல், சார்வோலை வெட்டி உலர்த்துதல்.

ஆடி, ஆவணி: பழம் பொறுக்குதல், களி பிழிந்து பனாட்டுப் போடுதல், விதை சேர்த்தல், காவோலை இறக்கி அடுக்குதல்.

புரட்டாசி, ஐப்பசி: கிழங்குப் பாத்தி போடுதல்; வடலிக்காக விதை ஊன்றுதல்; முற்றிய கூட்டெருவைத் தோட்டத்துக்குக் கொடுத்தல்.

கார்த்திகை, மார்கழி: வெளிவேலை குறைந்த மழைக்காலத்தில் வீட்டினுள் ஓலைப்பின்னல், ஈர்க்கு வேலை, தும்பு வேலை.

நெல்வயலில் வேலை ஒழிந்த மாதங்களிலேயே பனையின் வேலை மிகுந்து நிற்றலை இவ்வட்டவணை காட்டும். எனவே இத்தொழில் வயல் வேலைக்குக் கூலியாள் கிடையாமற் செய்துவிடும் என்று கமக்காரர் அஞ்சவேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஊரிலே வாழ வழியுள்ள குடும்பமே நடுகைக்கும் அறுவடைக்கும் ஊரிலே இருக்கும்.

ஓலையும் ஈர்க்கும்

சிறு முதலுடன் தொடங்குதற்கு ஏற்றது ஓலைத்தொழில். ஒரு கத்தி, ஓலை வாரும் ஊசி, சாயமிடுவதற்கு ஒரு பாத்திரம் ஆகியவை போதும். கடகம், பெட்டி, நீற்றுப்பெட்டி, சுளகு, பாய், தட்டு முதலியன நம் பெண்கள் அறிந்த பொருள்களே. இவற்றுக்கு இடைக்காலத்திற் சந்தை குன்றியதற்குப் பிளாஸ்ரிக்கே காரணமாகும். இப்போது நிலைமை சிறிது மாறியுள்ளது. மெல்லிய பொலித்தீன் பைகளும் உணவு சுற்றுந் தாள்களும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், மாலை, இடியப்பத் தட்டு முதலியன 2023 ஒற்றோபர் 1ஆம் திகதி தொடக்கம் தடைசெய்யப்பட்டன. இடியப்பத் தட்டைப் பனை ஈர்க்கினாற் பின்னும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதிதன்று. சட்டம் திறந்துவிட்ட இவ்விடத்தை நம்மூர்ப் பொருள் நிரப்பாவிடின், வேறோர் ஆலைப்பொருள் வந்து நிரப்பிவிடும்.

நயினாதீவுக்கு நாகபூசணி அம்மன் கோயிலையும் நாக விகாரையையும் தரிசிக்க ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வருகின்றனர். ஆனி மாதத் திருவிழாவின்போது அவர் தொகை மிகும். அருச்சனைப் பொருள் வைக்கும் பெட்டி, பூத்தட்டு, பனங்கட்டிக் குட்டான், ஒடியற் பொதி ஆகியவற்றுக்குத் தீவகத்திலேயே அமைந்த சந்தை இதுவாகும்.

ஓலை வெட்டுவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பின்னலுக்கு உகந்தவை விரியாத குருத்தும், அண்மையில் விரிந்த சார்வும் ஆகும். குருத்தே மரத்தின் உயிர். ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு குருத்துக்கு மேல் வெட்டலாகாது. பாளை தட்டும் மரத்திலும் இளவடலியிலும் குருத்து வெட்டுதலைத் தவிர்த்தல் நன்று. வெட்டிய ஓலையை நிழலில் வாடவிட்டுப் பின்பு வெயிலில் உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஈரத்துடன் அடுக்கிய ஓலையிற் பூஞ்சணம் பிடித்து, பின்னிய பொருள் கறுத்துப்போகும். வாங்கியவர் இரண்டாம் முறை வாங்கார்.

கருப்பநீரும் பனங்கட்டியும்

பாளையிலிருந்து வடியும் இனிய நீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கும்படி முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவி இறக்குவதே கருப்பநீராகும். ஊரில் இதனைக் கருப்பணி என்பர். பொதுவாக 8 முதல் 10 லீற்றர் கருப்பநீரைக் காய்ச்சினால் 1 கிலோ பனங்கட்டி கிடைக்கும். இதன் தரம் நான்கு செயல்களிலே தங்கியுள்ளது.

முதலாவது, முட்டியின் தூய்மை. நாள்தோறும் கழுவி வெயிலில் உலர்த்தாத முட்டியில், சுண்ணாம்பு தடவினாலும் புளிப்புத் தோன்றும். புளித்த நீர் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது.

இரண்டாவது, சுண்ணாம்பின் அளவு. குறைந்தால் நீர் புளிக்கும். கூடினாற் கட்டி கறுத்து, கைத்து, ஈரம் இழுக்கும். இறக்கிய நீரைச் சிறிது நேரம் அசையாது வைத்துத் தெளிவை இறுத்து, மெல்லிய துணியில் வடித்த பின்பே தாச்சியில் ஊற்றல் வேண்டும்.

மூன்றாவது, பதம். பாகில் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் இட்டால் அது கரையாமல் உருண்டையாகத் திரளவேண்டும். அப்பதத்திலே அடுப்பினின்றும் இறக்கிக் கிண்டிக் குட்டானில் வார்த்தல் முறையாகும். பதம் கடந்தாற் கருகல் மணம் ஏறும்.

நான்காவது, விறகு. பத்துப் பங்கு நீரில் ஒன்பது பங்கை ஆவியாக்கவேண்டுமாதலால் விறகுச் செலவு மிகுதி. இதற்கென்று பூவரசையும் வேம்பையும் தறித்தால், ஒரு மரத்தைக் காக்க வேறு மரத்தை அழித்ததாகும். ஊமல், மட்டை, பன்னாடை, உலர்ந்த பாளை ஆகியவற்றைச் சேர்த்துவைத்து, புகைபோக்கியுடன் கூடிய மூடிய அடுப்பிற் காய்ச்சினால் விறகு மீதமாகும். காய்ச்சும் பெண்ணின் கண்ணும் நெஞ்சும் புகையினின்றும் காக்கப்படும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே கொட்டிலிற் காய்ச்சுதல் தனித்தனியே காய்ச்சுதலினும் சிக்கனமானது. ஒரு நாளில் 5 கிலோ பனங்கட்டி செய்வதற்கு 40 முதல் 50 லீற்றர் கருப்பநீர் வேண்டும். இதனை ஒரு வீட்டினர் சேர்த்தல் அரிது. ஒரு சிறு சங்கத்துக்கு எளிது.

பழமும் கிழங்கும்

ஆடி, ஆவணி மாதங்களில் உதிரும் பழங்களிற் பெரும்பகுதி மாடு உண்டது போக மண்ணில் அழுகிவிடுகின்றது. பழக்களியைப் பிழிந்து வடித்துப் பாயிலே மெல்லிதாகப் பரப்பி, காய்ந்தபின் அதன்மேல் மறுபடியும் பரப்பி, பல நாள் வெயிலிற் பதஞ்செய்தாற் பனாட்டாகும். பாயை நிலத்தில் விரியாது பந்தலில் விரித்து, ஈயும் தூசியும் அணுகாதபடி வலையால் மூடுதல் வேண்டும்.

களி நீங்கிய விதைகளை மணற்பாங்கான இடத்தில் மேடாகப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி, மண்ணால் மூடிவிட்டால் மாரிமழையே நீர் வார்க்கும். தையிற் கிண்டுங் கிழங்கை அவித்து உண்ணலாம். பச்சையாகத் தோலுரித்துக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். ஒடியல் மாவில் ஒரு கைப்பு உண்டு. கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்குமுன் மாவை நீரில் ஊறவைத்து, மேல்நீரை இறுத்தல் நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கத்தை விடலாகாது, விற்கும் பொதியிலும் இதனை எழுதி ஒட்டுதல் நன்று.

கிழங்குப் பாத்திக்கு வயல் நிலம் வேண்டியதில்லை. பயிரிடாத மணற்றரையின் ஒரு மூலை போதும். அத்தகைய துண்டு நிலத்தைப் புரட்டாசி முதல் மாசி வரை நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தல் கமக்காரரால் எளிதிற் செய்யக்கூடிய உதவியாகும். கிண்டிய பின் அம்மண் பொலுபொலுப்பாகித் தோட்டத்துக்கும் ஏற்றதாகும்.

காவோலையிலிருந்து கூட்டெரு

தோட்டக்காரருக்கு நேரே பயன்படுவது இப்பகுதியாகும். யாழ்ப்பாணத்தில் ஓலை புதைத்தலும் குழை தாழ்த்தலும் பட்டி அடைத்தலும் பழைய முறைகள். பசளைப் பை வந்தபின் இவை அருகின. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, நாடெங்கும் கமக்காரர் சேதனப் பசளைக்கு அலைந்தனர், விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அந்நிகழ்ச்சி தரும் பாடம் தெளிவானது. கூட்டெரு ஒரு கட்டளையால் ஒரு போகத்தில் உண்டாவதன்று. அதனைச் செய்யும் கைகளும், சேர்க்கும் ஒழுங்கும், வாங்கும் வழக்கமும் முன்னரே ஊரில் இருத்தல் வேண்டும். அவை இருந்தால் இரசாயனப் பசளையின் அளவை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, விளைச்சல் குன்றாமலே கிணற்றைக் காக்கலாம்.

செய்முறை வருமாறு:

1. நிழலுள்ள மேட்டுநிலத்தில், கிணற்றுக்குத் தூரமாக, 1.5 மீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமுமான இடத்தைத் தெரிந்துகொள்க.

2. காவோலையை விரல் நீளத்துக்கு நறுக்குக. முழு ஓலை உக்குவதற்கு நெடுங்காலஞ் செல்லும். நறுக்கிய ஓலையை ஓரிரவு சாணக் கரைசலில் ஊறவிடுதல் நன்று.

3. நறுக்கிய ஓலையும் வைக்கோலும் 15 சென்ரிமீற்றர். அதன்மேற் பூவரசு, கிளிரிசிடியா, வாதநாராயணி முதலிய பச்சைக்குழை 10 சென்ரிமீற்றர். அதன்மேல் மாட்டெரு அல்லது ஆட்டெரு 5 சென்ரிமீற்றர். இவ்வரிசையில் 1.2 மீற்றர் உயரம்வரை அடுக்குக. காய்ந்த ஓலையிற் கரிச்சத்து மிகுதி, நைதரசன் குறைவு. குழையும் எருவும் அக்குறையை நிரப்புகின்றன.

4. கரையில் ஒதுங்கும் சாதாளையையுஞ் சேர்க்கலாம். அதனை முன்கூட்டியே குவித்து ஒரு மாரிமழையில் உப்புக் கழுவவிட்ட பின்னரே சேர்த்தல் வேண்டும். உப்புடன் சேர்த்தால் தோட்டம் கெடும்.

5. கையிற் பிழிந்தால் நீர் சொட்டாமலும் கை நனையும் அளவிலும் ஈரம் இருத்தல் வேண்டும். குவியலை ஓலையால் மூடுக. தீவகத்துக் காற்று ஈரத்தை விரைவில் உலர்த்திவிடும்.

6. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டுக. உள்ளே கை வைக்கமுடியாத சூடு உண்டாதல் நற்குறி. களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் அச்சூட்டில் அழியும். மூன்று நான்கு மாதத்தில் எரு கறுத்து, மண் மணம் கமழும்.

இந்த அளவுள்ள ஒரு குவியல் பாதிக்குமேல் அமிழ்ந்து ஏறத்தாழ 1 தொன் எருவைத் தரும். தோட்டப் பயிருக்கு எக்டேயருக்கு 10 தொன் சேதனப் பசளை இடுதல் திணைக்களத்தின் பொதுவான விதப்புரை. அதாவது சதுர மீற்றருக்கு 1 கிலோ. ஆகவே ஒரு குவியல் கால் ஏக்கர்த் தோட்டத்துக்குப் போதும். நான்கு குவியல்களை மாறி மாறிப் பேணும் இரு பெண்கள், ஒரு ஏக்கர்த் தோட்டத்துக்கு ஒரு போகத்துக்கான எருவைக் கொடுப்பர். தோட்டக்காரர் காவோலையை எரித்தலை விட்டு இவர்களுக்குக் கொடுத்தலும், வேண்டும் எருவைப் போகத்துக்கு முன்பே பேசிச் சிறிது முன்பணம் கொடுத்தலும் இத்தொழிலுக்கு அடிக்கல்லாகும்.

கூட்டெரு இட்ட மண் நீரை நெடுநேரம் பிடித்துவைக்கும். இறைப்பின் தொகை குறையும். பசளைச் சத்து மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குச் செல்வதால் கிணற்றை நோக்கி ஓடுவது குறையும். சுண்ணம் மிகுந்த மண்ணிலே இரும்பு, நாகம் ஆகிய சத்துக்களைப் பயிர் எடுத்துக்கொள்ள முடியாமல் இலை மஞ்சளாவதுண்டு. உக்கிய சேதனப்பொருள் அக்குறையையுந் தணிக்கும்.

நியாயமான உடன்பாடு

பனையின் சொந்தக்காரர் ஒருவர். அதனாற் பிழைப்பவர் வேறொருவர். இவ்விருவர்க்கும் இடையிலுள்ள பேச்சு வாய்ப்பேச்சாகவே இருந்தால், வறியவர்க்கே நட்டம் வரும். ஆதலாற் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கைச்சாத்திடுதல் தக்கது: குத்தகைக்கு விடும் மரங்களின் தொகையும் அடையாளமும், குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்பது, குத்தகை பணமோ பொருளோ, எந்த மாதத்திற் கொடுப்பது என்பது, காவோலை, மட்டை, விதை ஆகியவை யாருக்கு உரியன என்பது, வெட்டத்தக்க குருத்தின் தொகை. ஓராண்டுக் குத்தகை எடுத்தவர் மரத்திலிருந்து கூடியவரை பறித்துக்கொள்ளவே பார்ப்பர். மூன்று ஆண்டுக் குத்தகை எடுத்தவர் மரத்தைப் பேணுவர். நெடுங்குத்தகையே சொந்தக்காரருக்கும் இலாபம்.

மரமேறுவோரின் உயிர்க்காப்பு அடுத்த கடமையாகும். தளைநாரும் பாளைக்கத்தியும் மட்டுங் கொண்டு, நாளொன்றுக்கு இருமுறை பல மரங்கள் ஏறி இறங்குபவர், மழைக்கு வழுக்கும் மரத்தில் ஒருமுறை தவறினாற் குடும்பமே தவிக்கும். இடுப்புப் பட்டியும் கயிறும் பாவித்தல், காற்றும் மழையும் மிகுந்த நாளில் ஏறாதிருத்தல், சங்கத்தின் மூலம் விபத்துக் காப்புறுதி செய்தல் ஆகியவை வேண்டும். குத்தகைப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சொந்தக்காரரும் இக்காப்புறுதிக்கு ஒதுக்குதல் நியாயமே.

மரத்தை ஏறுபவருக்கும் ஓலை பின்னுபவருக்கும் இத்தொழிலின் பெயரால் ஊரில் மதிப்புக் குறைதலும் உண்டு. அம்மனப்பான்மை நீங்கும்வரை இளைஞர் இத்தொழிலுக்கு வாரார். கூலியைப் படலையில் நிறுத்திக் கொடாது சங்கத்தின் கணக்கிற் சேர்த்தல், கூட்டத்தில் ஒரே வரிசையில் இருத்தல், தொழிலாளரையே சங்கத்தின் நிருவாகத்தில் அமர்த்தல் என்பன சிறு செயல்கள். ஆயினும் இவற்றாலேயே தொழில் நிலைபெறும்.

சேர்ந்து விற்றல்

தனியொருவர் நாலு கடகத்தைக் கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்குச் சென்றால், படகுக் கூலியும் பேருந்துக் கூலியும் போக மிஞ்சுவது சிறிது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, அளவும் தரமும் ஒன்றாக்கி, மாதமொருமுறை அனுப்பினால் விலை பேசும் வலிமை உண்டாகும். பிறநாட்டார் இவ்வழியிற் பெற்ற பயன் நமக்கு உதாரணமாகும். கம்போடியா நாட்டிலே கம்பொங் ஸ்பூ மாகாணத்துப் பனஞ்சீனி 2010ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. உற்பத்தியாளர் ஒரு சங்கமாகி, செய்முறைக்கு விதிகள் வகுத்து, அவ்விதிப்படி செய்ததையே அப்பெயரில் விற்கின்றனர். தமிழ்நாட்டிலே உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டில் அவ்வாறே குறியீடு பெற்றது. ஊரின் பெயர் ஒரு பொருளுக்கு விலை கூட்டவேண்டுமாயின், அவ்வூரார் அனைவரும் ஒரே ஒழுங்கில் நிற்றல் வேண்டும். சீனி கலந்த ஒரு குட்டான் பனங்கட்டி, கலப்பில்லாத நூறு குட்டானின் பெயரையுங் கெடுக்கும்.

மின்சாரம் வேண்டும் தும்பு இயந்திரம், மா அரைக்கும் இயந்திரம், பொதி ஒட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்கும் தீவகத்தில் வழி பிறந்துவருகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறுவதற்கு, இந்திய அரசாங்கத்தின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இயந்திரம் வரும்போது அதன் உரிமை சங்கத்திடம் இருத்தல் வேண்டும். தனியொருவரிடம் இருந்தால் முன்னைய தரகரின் இடத்தில் இன்னொரு தரகர் தோன்றுவார்.

வடலி நடுதல்

பனை பாளை விடுவதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதற் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். இன்று நடுபவர் தம் மக்களுக்காகவே நடுகின்றார். ஒவ்வொரு சங்கமும் தான் பயன்கொள்ளும் மரங்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் விதை ஊன்றுதல் வேண்டும். வயலின் வெளிவரம்பு, குளக்கட்டு, கடற்கரையோரம், தெருவோரம் ஆகியவை ஏற்ற இடங்கள். முற்றிய விதையை 2 அல்லது 3 மீற்றர் இடைவெளியில் ஓரடி ஆழமளவில் மாரிக்கு முன் ஊன்றுக. பனையின் முளை முதலிற் கீழ்நோக்கி ஆழ இறங்குவதால், நாற்றைப் பிடுங்கி நடுதல் பெரும்பாலும் பயன் தராது. விதையை நிலைக்கும் இடத்திலேயே ஊன்றுதல் நன்று. முதல் மூன்று ஆண்டும் மாடும் நெருப்பும் அணுகாமற் காத்தல் முக்கியம். நெடுந்தீவிற் கட்டின்றித் திரியும் குதிரைகளும் மாடுகளும் உள்ள வெளிகளில் முள் வேலி வேண்டும். விதை ஊன்றுதலுக்கும் மூன்றாண்டுக் காவலுக்குமே கூலி கொடுத்தால், அதுவும் முதியோருக்கும் கடும் வேலை செய்யமாட்டாதோருக்கும் ஏற்ற ஒரு தொழிலாகும்.

நிற்கும் பனையைத் தறிப்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பதை யாவரும் நினைவிற் கொள்க.

கமக்காரர் இவ்வாண்டே செய்யத்தக்கவை

1. காவோலையையும் வைக்கோலையும் எரியாது, கூட்டெரு செய்யும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தல்.

2. தோட்டத்தின் கால்வாசிக்காவது கூட்டெரு இட்டு, அப்பகுதிக்கு இடும் யூரியாவை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி குறைத்து, விளைச்சலை நிறுத்துப் பார்த்தல்.

3. பயன்படாது நிற்கும் பனைகளை எண்ணி, எழுத்து மூலம் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு விடுதல்.

4. பயிரிடாத மணற்றரையிற் கிழங்குப் பாத்திக்கு இடங் கொடுத்தல்.

5. அறுவடைக்கும் சந்தைக்கும் வேண்டும் கடகம், பெட்டி, சுளகு ஆகியவற்றை ஊரிற் பின்னுவோரிடமே வாங்குதல்.

6. குடிக்குங் கிணற்றின் நீரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பித்தல். கைக்குழந்தை உள்ள வீட்டினர் இதனைத் தவறாது செய்தல்.

7. வரம்பு தோறும் பத்து விதையேனும் ஊன்றுதல்.

தீவகத்தில் நிலம் உடையவரும் இல்லாதவரும் ஒரே நீரையே குடிக்கின்றனர். இல்லாதவர்க்கு வேலை கொடுக்கும் இம்முறை, உடையவரின் கிணற்றையுங் காக்கின்றது. மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், கமநல சேவை நிலையத்திலும், பனை அபிவிருத்திச் சபையின் உத்தியோகத்தரிடமும் கேட்டறிந்துகொள்க.